நாகலெட்சுமிக்குப் பிடித்தவை

பொகவந்தலாவைக்கு மேலேயுள்ள தோட்டம் ஒன்றில், தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடிக்குக் கண்ணாடி போட்டு, சுற்றுலா வருகிறவர்கள் தேநீரை ருசிபார்க்கும் அறையாக மாற்றியிருந்தார்கள். நாகலெட்சுமிக்கு அங்கே கோப்பை கழுவும் வேலை. சேர்ந்து மூன்றாவது வாரத்தில் ஒருநாள், பரிமாறுகிற பெண் காய்ச்சலென்று வரவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு நாகலெட்சுமிதான் போகவேண்டியதாயிற்று.

மேசையைச் சுற்றி ஆறு வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு கோப்பைகளையும் ஒரு சொட்டும் சிந்தாமல் வைத்துவிட்டாள். முகம் சிவந்த பெரியவர் ஒருவர் ஒரு வாய் குடித்தார். கோப்பையை மெதுவாகக் கீழே வைத்து, அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"சொரி. இட்ஸ் நொட் மை கப் ஒஃப் டீ."

நாகலெட்சுமிக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. சொரி என்றால் மன்னிக்கணும். நொட் என்றால் இல்லை. மை கப் என்றால் என்னுடைய கோப்பை. ஆகவே அவர் சொல்வது: மன்னிக்கணும், இது என்னுடைய கோப்பை இல்லை.

அடுத்தவர் கோப்பையை இவருக்கு வைத்துவிட்டோமே என்று பதறி, பக்கத்தில் அவருடைய மனைவி பாதி குடித்திருந்த கோப்பையை எடுத்து அவர்முன் வைத்தாள். அவருடையதை மனைவிக்கு வைத்தாள். அவர் கையை ஆட்டி, "நோ, நோ, இட்ஸ் ஜஸ்ட் நொட் மை கப் ஒஃப் டீ" என்றார். இதுவும் இல்லையா? அதற்கடுத்த கோப்பையை எடுத்தாள். மேசையில் ஒரு கோப்பைகூட இருந்த இடத்தில் இல்லை என்கிற நிலை வந்தபோதுதான் வாசலில் யாரோ விக்கி விக்கிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அது அப்ராஸ். அந்த ஆறு பேரையும் ஹட்டனிலிருந்து தன் வேனில் ஏற்றி வந்தவன். முப்பது வயது, தொப்பியைப் பின்பக்கமாகப் போட்டிருப்பான், பத்து வருஷம் வெள்ளைக்காரர்களை ஏற்றி வேன் ஓட்டியதில் ஆங்கிலம் நன்றாகப் பேசுவான். உள்ளே வந்து அவர்களுக்கு விஷயத்தை விளக்கினான். சிரிப்பில் மேசையே அதிர்ந்தது. சிவந்த முகக்காரர் எழுந்து, நாகலெட்சுமிக்குத் தலைகுனிந்து வணக்கம் சொல்லி, தனக்குப் பிடிக்காத தேநீரை ஒரே மூச்சில் குடித்துக் காட்டினார்.

கோப்பை கழுவுகிற இடத்துக்கு அப்ராஸ் பின்னாலேயே வந்தான்.

"அக்கா, அவருக்கு அந்தத் தேத்தண்ணி புடிக்கல்ல. அதத்தான் சொன்னாரு."

"புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்ல வேண்டியதுதானே தம்பி?"

"மொகத்துக்கு நேரா சொன்னா நல்லா இல்லண்டு அப்புடி வளச்சி சொல்லுவாங்க. தேத்தண்ணிக்கி மட்டும் இல்ல. ஒரு படம் புடிக்காட்டியும், பாட்டு புடிக்காட்டியும், அது என்ட கப் ஒஃப் டீ இல்லண்டுதான் சொல்றது."

நாகலெட்சுமி கழுவிய கோப்பையைக் கவிழ்த்துவிட்டு யோசித்தாள். "நாங்க காலையில இருந்து பொழுதுசாய கொழுந்து பறிக்கிறோம். இவங்க என்னடான்னா பாட்டு புடிக்கலங்கிறதுக்கும் தேத்தண்ணியவே இழுக்கிறாங்களே!"

இப்போது அவளும் சிரித்துவிட்டாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள். பள்ளி முடிவில் எழுதிய சாதாரணதரப் பரீட்சையில் ஆங்கிலத்தில் சித்தி பெற்றிருந்தாள். ஆனால் கணிதம் காலை வாரிவிட்டது. பதினெட்டில் கொழுந்து பறிக்கப் போனவள், இருபத்தைந்து வருஷம் கூடை சுமந்தாள். போன வருஷம் மழைநாளில் சறுக்கி விழுந்து வலது தோள் பிசகியது. இனிப் பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அப்படித்தான் இந்த வேலை வந்தது. அவள் கணவன் சின்னராசா அதே தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் இருந்தான். ஒரே மகள் பிரேமினி மட்டக்களப்பில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் நாகலெட்சுமி, மகள் பாதி எழுதி விட்டுப்போன கொப்பி ஒன்றைத் தேடி எடுத்தாள். காலியான பக்கத்தில் 'நொட் மை கப் ஒஃப் டீ' என்று தமிழ் எழுத்தில் எழுதி, எதிரே 'எனக்குப் பிடிக்காது, மரியாதையாக' என்று எழுதி வைத்தாள்.

பரிமாறுகிற பெண் காய்ச்சல் தீர்ந்த பிறகும் வேலைக்குத் திரும்பவில்லை. நுவரெலியாவில் ஹோட்டல் ஒன்றில் சேர்ந்துவிட்டாளாம். தட்டு நாகலெட்சுமியின் கையிலேயே தங்கியது. கொப்பியும் வளர்ந்தது.

எல்லாமே சுலபமாக ஏறிவிடவில்லை. ஒருநாள் ஒல்லியான ஒரு பெண், தேநீரோடு வைத்த கித்துள் கருப்பட்டியில் மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டே, "ஐ ஹேவ் எ ஸ்வீட் டூத்" என்றாள். டூத் என்றால் பல். நாகலெட்சுமி பாய்ந்து உள்ளே போய்க் கராம்பு நாலைந்தை எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்து, கடைவாயில் கடித்துக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டினாள். அந்தப் பெண்ணோ இதுவும் இவ்வூர் வழக்கம் போலும் என்று கராம்பைத் தேநீருக்குள் போட்டுக் குடித்தாள். குடித்துவிட்டுக் கண்ணை மூடி, இன்னொரு கோப்பை கேட்டாள். இனிப்பென்றால் உயிர் என்பதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள் என்று பிறகு அப்ராஸ் சொல்லித் தெரிந்தது. அதற்குள் மற்றவர்களும் கராம்புத் தேநீர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

இன்னொரு நாள் உயரமான ஒருவர், வெளியே நின்று மழையையும் மலையையும் பார்த்துவிட்டு, "திஸ் பிளேஸ் குரோஸ் ஒன் யூ" என்றார். மேலே ஏதோ வளருகிறது என்கிறாரே என்று நாகலெட்சுமி அவரைத் தலையிலிருந்து கால்வரை உற்றுப்பார்த்தாள். பார்த்தால், கணுக்காலில் நல்ல தடிப்பான அட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. "யெஸ் சேர், குரோயிங்!" என்று அவள் காட்ட, அவர் போட்ட கூச்சலில் கீழே வாட்டும் பகுதியிலிருந்து சின்னராசாவே ஓடி வந்துவிட்டான்.

"பழகப்பழக இந்த எடம் புடிச்சுப் போகுதுண்டு சொல்லியிருக்காரு மனுசன்" என்றான் அப்ராஸ், உப்பைத் தேடிக்கொண்டே.

"அட்டைக்கும் அவரப் புடிச்சுப் போச்சு தம்பி, என்னா செய்ய?"

தெரியாத சொற்றொடர் வந்தால் அப்ராஸிடம் கேட்பாள். அவனுக்கும் தெரியாவிட்டால் இருவருமாகப் போய்ச் சொன்னவரிடமே கேட்பார்கள். யாரும் முகம் சுளித்ததில்லை. 'ரைட் அப் மை ஸ்ட்ரீட்' என்றால் எனக்கென்றே அமைந்த காரியம். 'ஐ ஹேவ் எ சொஃப்ட் ஸ்பொட்' என்றால் ஒன்றின்மேல் மனம் இளகிக் கிடக்கிறது. ஒருமுறை கொட்டுகிற மழையில் மலையைச் சுற்றிப்பார்க்கக் கூப்பிட்டதற்கு ஒரு வயதான அம்மாள், "ஐட் ராதர் நொட்" என்றாள். வேண்டாமே என்பதை இதைவிட மிருதுவாகச் சொல்ல முடியாது என்றான் அப்ராஸ். அதன் கீழே நாகலெட்சுமி இரண்டு கோடு போட்டாள்.

ஒருநாள் வேனின் படியில் உட்கார்ந்து அப்ராஸ் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"எல்லாம் அவங்க சொன்னதுதானே அக்கா. நீங்க ஒண்டு சொல்லிப் பாருங்களே. 'ஐ ஹேவ் எ சொஃப்ட் ஸ்பொட் ஃபோர்...' அதுக்குப் பொறகு என்ன? ஒங்களுக்கு என்ன புடிக்கும்?"

நாகலெட்சுமி கொப்பியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"பிரேமினிக்கு நண்டு புடிக்கும்" என்றாள்.

"மகளக் கேக்கல்ல. ஒங்களுக்கு."

"அத... யோசிச்சுப் பாக்கல தம்பி."

சிரித்துச் சமாளித்தாளே தவிர, லயத்துக்கு இறங்கிப் போகும் வழியெல்லாம் அது மனதில் குடைந்துகொண்டே வந்தது. எந்த மலையில் பறிப்பது என்று இருபத்தைந்து வருஷமும் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நின்றபோது வேறு யாராவதுதான் சொன்னார்கள். தீபாவளிச் சேலையில் மிஞ்சிய நிறம் அவளுக்கு. கறி என்ன என்பதை அடுப்படியில் இருப்பது தீர்மானித்தது. அதெல்லாம் குறையென்று அவள் நினைத்ததில்லை. ஆனால் கேட்டால் சொல்வதற்கு ஒன்றாவது இருக்கவேண்டாமா?

அன்றிலிருந்து தன்னையே கவனிக்கத் தொடங்கினாள். பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட் பிடிக்கிறது. முன் கண்ணாடியில் வளைவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வருவதைப் பார்க்கலாம். தொதல் என்கிற இனிப்பு பிடிக்கவில்லை, பல்லில் ஒட்டுகிறது. விடியற்காலை மூடுபனியில் தொழிற்சாலையிலிருந்து வரும் காய்ந்த கொழுந்தின் வாசம் பிடிக்கிறது. எல்லாவற்றையும் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிறென்றால் அவர்கள் வீட்டில் நோக்கோல் கறி, நூல்கோல் என்கிற அந்தக் காய்தான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். லயத்துக்குப் பின்னாலுள்ள துண்டு நிலத்தில் சின்னராசா நோக்கோல் நட்டிருந்தான். வெட்டித் தேங்காய்ப்பால் விட்டு அவள் சமைப்பாள். அன்றைக்குத் தட்டின்முன் உட்கார்ந்தபோது அவளுக்கு ஒன்று உறைத்தது. கொப்பியில் இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

"ஏங்க, ஒன்னு சொன்னா கோவிக்க மாட்டீங்களே? எனக்கு இந்த நோக்கோல் புடிக்கவே புடிக்காதுங்க."

சின்னராசா கையில் சோற்றோடு அப்படியே நிமிர்ந்தான். "அப்பறம் ஏன் வாரா வாரம் ஆக்குற?"

"நீங்க தானே நடுறீங்க! ஒங்களுக்கு உசுருன்னு நெனச்சேன்."

"நீ ஆக்குறியேன்னு தான் நான் நடுறேன்! கல்யாணத்துக்கு மறுவாரம் மொத மொத ஆக்கிப்போட்ட. சரி, இந்தப் புள்ளைக்கு இது புடிக்கும் போலன்னு நட்டேன். எனக்குத் தொண்டையில எறங்காது லெட்சுமி. தண்ணிய குடிச்சு முழுங்குவேன்."

"அன்னிக்கு ஒங்க அம்மா வீட்டுல அது ஒன்னு தாங்க கெடந்துச்சு!"

இருபத்து மூன்று வருஷம். எத்தனை ஞாயிறு என்று இருவரும் எண்ணிப்பார்க்க முயன்று, சிரிப்பில் கணக்குத் தவறிப்போனது. சின்னராசாவுக்குப் புரையேறிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சத்தம் கேட்டு லயத்தில் அடுத்த காம்பரா வீட்டுக் காளியாயி எட்டிப்பார்த்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எனக்கு நோக்கோல்னா போதும், வேற எதுவும் வேணாம். இத்தன வருசமா வாசத்த மட்டும் மோந்துக்கிட்டுக் கெடந்தேன், ஒரு வாய் குடுத்தீங்களா?" என்று சட்டியோடு தூக்கிக்கொண்டு போனாள்.

"அப்ப அந்த எடத்துல என்னாங்க நடப்போறீங்க?" என்று நாகலெட்சுமி கேட்டாள்.

சின்னராசா விரலால் தட்டைத் துடைத்தான். "சிரிக்கப்படாது. எனக்கு டேலியாப் பூ நடணும்னு ஆச. அந்தப் பெரிய சைஸ் செகப்பு."

நாகலெட்சுமி சிரிக்கவில்லை. இவனுக்குப் பூ பிடிக்கும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரியும்.

அடுத்த மாதம் ஒரு சிக்கல் வந்தது. மேல்மாடிக்குப் பொறுப்பாக இருந்த ஜெயகாந்தன், ஹட்டன்காரர், நல்ல மனிதர்தான், அவளைக் கூப்பிட்டார்.

"லெட்சுமியக்கா, நாளையிலயிருந்து நீங்க தட்டு தூக்க வேணாம். கேட்டுக்குப் பக்கத்துல, செகப்பு சேலையும் கூடையுமா நில்லுங்க. வாறவங்க போட்டோ எடுப்பாங்க. கூடையில ஒன்னும் இருக்காது, தோள் நோவாது. சும்மா சிரிச்சிட்டு நின்னா போதும்."

"சரிங்க சேர்" என்றாள். அந்தச் சொல் அவள் வாயில் எப்போதும் தயாராக இருந்தது.

மூன்று நாள் நின்றாள். கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு தேயிலைச் செடி. ஒவ்வொரு படத்துக்கும் அதிலேயே கிள்ளிக் கிள்ளி மூன்றாம் நாள் அது மொட்டையாகிவிட்டது. சிரித்துச் சிரித்துத் தாடை நொந்தது. யாரும் அவளோடு பேசவில்லை. படம் எடுத்தார்கள், போனார்கள். மேலே கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் சிரிப்பது கேட்கும்போதெல்லாம், என்ன சொல்லிச் சிரிக்கிறார்களோ, எழுதிக்கொள்ளாமல் போகிறதே என்று தவிப்பாக இருந்தது.

நான்காம் நாள் கூடையைத் தூக்கிக்கொண்டு நேரே ஜெயகாந்தனின் மேசைக்குப் போனாள். எனக்கு இது பிடிக்கவில்லை என்று தமிழில் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. அப்படி மேலுள்ளவர் யாரிடமும் அவள் சொன்னதே கிடையாது. கொப்பியில் இரண்டு கோடு போட்ட வரி ஞாபகம் வந்தது.

"சேர், ஐட் ராதர் நொட்."

ஜெயகாந்தன் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். "என்ன சொன்னீங்க?"

"ஐட் ராதர் நொட், சேர். கேட்டுல நிக்கிறது." கூடையைக் கீழே வைத்தாள். சொல்லிவிட்ட பிறகு தமிழும் தானாக வந்தது. "இருவத்தஞ்சு வருசம் நெஜமா பறிச்சேன் சேர். இப்ப சும்மா பறிக்கிற மாதிரி நிக்க மனசு ஒப்பல."

"அப்ப எது ஒங்களுக்குப் புடிக்கும்?"

மறுபடியும் அதே கேள்வி. இம்முறை அவளிடம் பதில் இருந்தது. "அந்த மேசையில நின்னு, எந்தத் தேத்தண்ணி எப்படின்னு வாறவங்களுக்கு நானே எடுத்துச் சொல்றேன் சேர். அது ரைட் அப் மை ஸ்ட்ரீட்."

ஜெயகாந்தன் முதலில் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். அந்த வேலையை அதுவரை அவரே செய்துகொண்டிருந்தார், எழுதி வைத்ததை ஒப்பிப்பார். "வியாழக்கெழம எட்டுப் பேர் வாறாங்க. ஒரு தடவ செஞ்சு பாருங்க. சரிவராட்டிப் பாப்போம்" என்றார்.

இரண்டு நாள் அப்ராஸின் வேனுக்குள் ஒத்திகை நடந்தது. நீண்ட வாக்கியமெல்லாம் வேண்டாம், சின்னச் சின்னதாகச் சொல்லுங்கள் என்றான் அவன். வியாழக்கிழமை அவள் மேசைக்குப் பின்னால் போய் நின்றாள். கோப்பைகளைப் பார்த்தாள். அவை தெரிந்த முகங்களாக இருந்தன. பேசத் தொடங்கினாள்.

"திஸ் டீ, ட்ரை விண்ட் டைம். ஸ்மெல் ஃபர்ஸ்ட். திஸ் டீ, ரெயின் டைம். லீஃப் பிக், டேஸ்ட் ஸ்லீப்பிங்."

ருசி தூங்குகிறது என்று அவள் சொன்னதைக் கேட்டு எட்டுப் பேரும் மீண்டும் குடித்துப் பார்த்து, ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தால் கொழுந்து எப்படிச் சுருளும், விரலில் எப்படி ஒட்டும் என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். ஜெயகாந்தனின் தாளில் இதெல்லாம் இல்லை. தடுமாறிய இடங்களில் அவர்களே சொல் எடுத்துக் கொடுத்தார்கள்.

கடைசியில் குட்டை முடி வைத்த ஒரு பெண்மணி கேட்டாள், இவற்றில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்று.

கதவோரம் நின்ற ஜெயகாந்தன், விலை உயர்ந்த கோப்பையைக் கண்ணால் காட்டினார். நாகலெட்சுமிக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"மேடம், ஐ லைக் கொத்தமல்லித் தண்ணி." பெருமூச்சு விட்டாள். "டீ இஸ் நொட் மை கப் ஒஃப் டீ."

வெடித்த சிரிப்பில் கண்ணாடி அதிர்ந்தது. குட்டை முடிக்காரி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அப்ராஸ் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். ஜெயகாந்தன் வெளிறிப்போய், பிறகு அடக்கமுடியாமல் அவரும் சேர்ந்துகொண்டார். எட்டுப் பேருக்கும் கொத்தமல்லித் தண்ணி வேண்டுமாம். நாகலெட்சுமி இஞ்சி தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். போகும்போது ஆளுக்கு இரண்டு பெட்டி தேயிலையும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

மேசை அவளுக்கே என்றானது. நெஞ்சில் குத்துகிற பெயர்ப்பட்டை ஒன்றும் வந்தது. கேட்டில் இருந்த மொட்டைச் செடி மெல்லத் துளிர்த்தது.

மார்ச் மாதம் வெயில் காய்ந்து, மஸ்கெலியா அணையில் நீர் வற்றி, அடியில் மூழ்கிக் கிடந்த பழைய கோயில் வெளியே தெரிகிறது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். அவள் கேள்விப்பட்டதுதான், ஒருநாளும் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஓய்வு.

"நான் போய்ப் பாத்துட்டு வரப்போறேங்க. வாறீங்களா?"

"எனக்கு அந்த ரோட்டு வளைவு ஒத்துக்காது, தல சுத்தும்" என்றான் சின்னராசா, டேலியாக் கன்றுக்கு மண் அணைத்துக்கொண்டே. "நீ போயிட்டு வா."

டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து நோர்வூட் போய், பஸ் மாறி மஸ்கெலியாவில் இறங்கினாள். வெடித்த சேற்றுத் தரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். கருங்கல் சுவர் காய்ந்து நின்றது. அதன்மேல் கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. அந்நேரம் மட்டக்களப்பிலிருந்து பிரேமினியின் அழைப்பு வந்தது.

"எங்கம்மா இருக்க? காத்து சத்தமா கேக்குது."

"மஸ்கெலியாவுல. அணைக்குள்ள நிக்கிறேன்."

"யாரோட?"

"நான் மட்டுந்தான்."

"எதுக்கும்மா? கோயில் திருவிழாவா? சாவு வீடா?"

"ஒன்னுமில்லடி. பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு, வந்தேன்."

மறுமுனையில் பிரேமினி சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே, படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். கோயிலை அல்ல, அம்மாவை என்றாள். நாகலெட்சுமி கையை நீட்டிப் பிடித்துத் தன்னைத்தானே இரண்டு படம் எடுத்தாள். ஒன்றில் பாதி முகம்தான் விழுந்திருந்தது. இரண்டையும் அனுப்பினாள்.

திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கரையில் ஒருத்தி சூடாக வடை சுட்டுக்கொண்டிருந்தாள். நாகலெட்சுமி இரண்டு வாங்கிக்கொண்டு, நீரைப் பார்த்தபடி கல்லில் உட்கார்ந்தாள்.